அதிகம் பேசாத பிள்ளைக்கு ஹாஸ்டலில் நட்பு கிடைக்குமா? முதலாண்டு மாணவர்கள் கேட்கும் கேள்விகள்

சென்னையில் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். மகளிர் விடுதியின் துணைக் காப்பாளர் வேலையும் என் தலையில்தான். கவுன்சலிங் முடிந்து வகுப்பு தொடங்கிய மூன்றாவது வாரம் யாராவது வந்து என் அறை வாசலில் நிற்பார்கள். பையன்கள் என்றால் டிபார்ட்மெண்டுக்கு வருவார்கள். "ஒண்ணுமில்ல மேம்" என்றுதான் ஆரம்பிக்கும். ஒன்றுமில்லாமல் யாரும் மூன்று மாடி ஏறி வருவதில்லை. 2011-ல் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து சேர்ந்த நானும் அப்படி நின்றவள்தான். இத்தனை வருடமாக என்னிடம் கேட்டவற்றையும், அன்றைக்கு நான் கேட்காமல் விட்டவற்றையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

நான் அதிகம் பேசமாட்டேன். எனக்கு ஃப்ரெண்ட்ஸே கிடைக்கமாட்டார்களா?

கிடைப்பார்கள். வாய்ச் சாமர்த்தியம் உள்ளவர்களுக்குத்தான் நட்பு அமையும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் சீனியர்களிடம் அவர்களுடைய முதல் ஃப்ரெண்ட் யார் என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் பதிவெண்ணில் தனக்கு முன்னால் இருந்தவரையோ பின்னால் இருந்தவரையோ சொல்வார்கள். நம் கல்லூரிகளில் லேப் பேட்ச், வைவா, பரீட்சை ஹால் எல்லாமே ஆங்கில அகர வரிசையில் போட்ட பதிவெண்படிதான். கார்த்திக்குக்குக் கார்த்திகேயன் கிடைப்பது விதியில்லை, வருகைப் பதிவேடு.

இதை ஆராய்ச்சியாகவே செய்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலப் போலீஸ் பயிற்சிப் பள்ளியில் அறையும் இருக்கையும் பெயரின் அகர வரிசைப்படி ஒதுக்கப்பட்டன. உன் நண்பர்கள் யார் என்று பயிற்சியில் இருந்தவர்களைக் கேட்டபோது, பெயர் வரிசையில் பக்கத்தில் இருந்தவர்களையே அதிகம் சொன்னார்கள். மேடி சீகல் என்ற சமூகவியலாளர் 1974-ல் இதை வெளியிட்டார்.

என் கதையும் அதேதான். முதல் செமஸ்டரில் என்ஜினியரிங் கிராஃபிக்ஸ். என் பதிவெண் 36. ஒரு சீனியர் அக்காவிடம் பாதி விலைக்கு வாங்கிய மினி டிராஃப்டர், அதாவது கோடு இழுக்கும் கருவி, போர்டில் நிற்கவே நிற்காது. கோடு இழுக்கும்போது கிளாம்ப் ஒரு நூல் இறங்கிவிடும். அழித்து அழித்து ஷீட் நடுவில் ரோமம் எழும்பிவிட்டது. மூன்று வகுப்பு இப்படியே ஓடியது. யாரிடமும் கேட்கவில்லை, அதற்கும் கூச்சம். நான்காவது வகுப்பில் 37 தன் பர்ஸைத் திறந்து ஒரு பஸ் டிக்கெட்டை எடுத்தாள். அதை நாலாக மடித்துக் கிளாம்புக்கும் போர்டுக்கும் நடுவில் செருகி, திருகை முறுக்கினாள். "இப்பப் போடு" என்றாள். அன்றைக்கு எங்களுக்குள் நடந்த பேச்சு அந்த ஒரு சொல்தான். அடுத்த வாரம் அவளுடைய செலோடேப் தீர்ந்துபோனபோது என்னுடையதை நகர்த்தி வைத்தேன். தீபாவளி வரைக்கும் அவள் வீட்டில் எத்தனை பேர் என்றுகூட எனக்குத் தெரியாது. போன மாதம் அவள் மகளுக்குக் காது குத்தினார்கள். நானும் பந்தியில் பரிமாறினேன்.

எல்லாரும் முதல் வாரமே செட்டு சேர்ந்துவிட்டார்கள். நான் லேட்டா?

இல்லை. முதல் வாரத்துச் செட்டுகள் பயத்தில் சேர்ந்தவை. தனியாக நிற்கக்கூடாது என்று கண்ணில் பட்டவரோடு ஒட்டிக்கொள்வது. முதல் இன்டர்னல் மார்க் வந்ததும், அல்லது யாரோ யாருடைய ரெக்கார்டு நோட்டையோ திருப்பித் தராததும், எட்டுப் பேர் செட்டு மூன்றும் ஐந்துமாக உடையும். வருஷம் தவறாமல் பார்க்கிறேன். அந்த நேரத்தில் காலி இடங்கள் நிறைய உண்டாகும்.

கான்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-ல் ஒரு கணக்குச் சொன்னார். முகம் தெரிந்தவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும், நண்பர் என்று சொல்ல 90, நெருங்கிய நண்பராக 200-க்கு மேல். ஹாஸ்டலுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். இரவுச் சாப்பாட்டில் முக்கால் மணி, மொட்டை மாடியில் முக்கால் மணி என்றால் ஒரு நாளைக்கு ஒன்றரை மணி. 60 நாளில் 90 மணி நேரம் வந்துவிடும். ஆகஸ்ட் கடைசியில் வந்தவருக்கு அது தீபாவளியை ஒட்டி. 200 சேர்வதற்குள் பொங்கல் வந்துவிடும். செப்டம்பரில் உட்கார்ந்து "எனக்கு யாருமே இல்லை" என்று அழுவது, நாற்றங்கால் விட்ட மூன்றாம் நாளே நெல் எங்கே என்று கேட்பதுபோல.

ஜெஃப்ரி ஹால் இன்னொன்றும் கண்டார். வகுப்பிலோ வேலையிலோ சேர்ந்திருந்த நேரம் அவ்வளவாகக் கணக்கில் ஏறவில்லை. சும்மா சேர்ந்திருந்த நேரம்தான் ஏறியது. லேப் அறிமுகத்துக்கு உதவும். லேப் முடிந்து கேன்டீன் வரை சேர்ந்து நடக்கிற அந்தப் பத்து நிமிஷத்தை விட்டுவிடாதீர்கள். பெல் அடித்ததும் பையை மாட்டிக்கொண்டு முதல் ஆளாக ஓடுவது நம்மைப் போன்றவர்களின் வழக்கம். ரெக்கார்டை மெதுவாக எடுத்து வையுங்கள், போதும்.

பேச்சை எப்படி ஆரம்பிப்பது? என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

தமிழில் இதற்கு ஒரு தேய்ந்த சாவி இருக்கிறது: "எந்த ஊரு?" எல்லாப் பூட்டும் இதில் திறக்கும். ஆனால் "தேனி" என்று அவர் சொன்னதும் "ஓ" என்று நிறுத்திவிட்டால் கதவு சாத்திக்கொள்ளும். "தேனியா, டவுனா? பஸ்ஸா ட்ரெய்னா, எத்தனை மணி நேரம் ஆகும்?" என்று இன்னொரு படி போக வேண்டும். ஊரைப் பற்றிப் பேசச் சொன்னால் பேசாத ஆளும் பேசும்.

அதைவிட எளிது உதவி கேட்பது. "இந்த டெரிவேஷன்ல மூணாவது ஸ்டெப் எப்படி வந்துச்சு?", "ஜெராக்ஸ் கடைக்குப் போறியா, எனக்கும் ஒரு காப்பி போடுறியா?" நாம் செய்யும் தப்பு, யாருக்கும் தொந்தரவு தரக்கூடாது என்று எதையுமே கேட்காமல் இருப்பது. அதை எதிராளி மரியாதை என்று எடுத்துக்கொள்ளமாட்டார். திமிர் என்றுதான் எடுத்துக்கொள்வார். "சைலண்டா இருக்கா, சீன் போடுறா" என்று என்னைப் பற்றி முதல் மாதம் சொன்னார்களாம். எனக்கு அது தெரியவந்தது மூன்றாம் ஆண்டில்.

கூப்பிடும் முறையும் உண்டு. சீனியர்களை அண்ணா, அக்கா. உங்கள் வகுப்பில் "டா", "டி", "மச்சான்" எல்லாம் தானாக வரும்போது வரட்டும், வலிய வரவழைத்தால் காதுக்கு நன்றாக இருக்காது. நான் கடைசிவரை "வாப்பா, போப்பா" என்றே ஓட்டினேன். யாரும் குறையாக நினைக்கவில்லை.

பேசிவிட்டு வந்து ராத்திரி முழுக்க "ஏன் அப்படி உளறினேன்" என்று புரண்டுகொண்டிருக்கிறேன்.

எதிராளியும் அவர் அறையில் அதையேதான் செய்துகொண்டிருப்பார். எரிகா பூத்பியும் அவருடன் சேர்ந்தவர்களும் 2018-ல் வெளியிட்ட ஆய்வு இது: முன்பின் தெரியாத இருவரைப் பேசவைத்து, உனக்கு அவரை எவ்வளவு பிடித்தது, அவருக்கு உன்னை எவ்வளவு பிடித்திருக்கும் என்று தனித்தனியாகக் கேட்டார்கள். தன்னை எதிராளிக்குப் பிடித்த அளவைப் பெரும்பாலோர் குறைத்தே மதிப்பிட்டார்கள். கூச்ச சுபாவம் உள்ளவர்கள் இன்னும் குறைவாக. விடுதியில் ஒன்றாகத் தங்கிய மாணவர்களுக்குள்கூட இந்தத் தப்புக்கணக்கு மாதக்கணக்கில் நீடித்தது.

மெஸ்ஸில் தனியாக உட்கார்ந்து சாப்பிடக் கூச்சமாக இருக்கிறது.

நான் தட்டை அறைக்குத் தூக்கிக்கொண்டு போனவள். "தட்டு வெளிய போகக்கூடாதும்மா" என்று மெஸ் அக்கா இரண்டு முறை பிடித்தார். அப்புறம் பிஸ்கட் பாக்கெட்டோடு படுத்துக்கொண்டேன். அப்படிச் செய்யாதீர்கள்.

ஒரு நேரத்தையும் ஒரு மேஜையையும் பிடித்துக்கொள்ளுங்கள். ஏழே முக்கால் என்றால் தினமும் ஏழே முக்கால், ஜன்னலை ஒட்டிய மேஜை என்றால் தினமும் அதே மேஜை. அதே நேரத்துக்கு வருகிற இன்னும் நாலு பேர் கட்டாயம் இருப்பார்கள். முதல் வாரம் கண்ணால் பார்ப்பார்கள். இரண்டாம் வாரம் "அந்தச் சாம்பாரைத் தள்ளுப்பா". மூன்றாம் வாரம் நீங்கள் வராவிட்டால் "எங்கே காணோம்?" இதை ஞாயிறு மதியம் சிக்கன் வரிசையில் ஆரம்பிக்க வேண்டாம், திருவிழாக் கூட்டத்தில் யாரையும் பழக முடியாது. உப்புமா போடும் இரவு போங்கள். உப்புமாவுக்கும் வெளியே ஆர்டர் போடாமல் மெஸ்ஸுக்கு வருகிறவர்கள் என் அனுபவத்தில் நிதானமான ஆட்கள்.

பையன்களுக்கு டீக்கடை இருக்கிறது. எங்களுக்கு?

நியாயமான கேள்வி. பையன்கள் ராத்திரி பத்து மணிக்கும் ஒரு டீ, ஒரு பட்டர் பன்னை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பேசுகிறார்கள். மகளிர் விடுதியில் பொழுது சாய்ந்ததும் கேட்டில் கையெழுத்து. காப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே சொல்கிறேன், இது சமமில்லை. என்னால் ஆனது, எங்கள் விடுதியில் மொட்டை மாடிக் கதவைப் பத்து மணிவரை திறந்துவைக்க வாதாடி வாங்கினேன். எங்கள் காலத்து நட்பெல்லாம் துணி காயப்போடும் கொடியிலும், காலையில் பக்கெட் வரிசையிலும் உண்டானவை. பக்கெட்டை வரிசையில் வைத்துவிட்டு அறைக்குப் போய்விடாமல் பக்கத்திலேயே நில்லுங்கள்.

தமிழ் மீடியத்தில் படித்தேன். க்ளாஸில் எல்லாரும் இங்கிலீஷில் பேசுகிறார்கள். வாயே வரவில்லை.

எல்லாரும் பேசவில்லை. பேசுகிற ஆறு பேரின் சத்தம்தான் கேட்கிறது. 2021 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியலில் 7.5% உள் ஒதுக்கீடு இருக்கிறது. ஒவ்வொரு வகுப்பிலும் உங்களைப் போலப் பயந்து உட்கார்ந்திருக்கிறவர்கள் உண்டு. அவர்களும் வாய் திறப்பதில்லை என்பதால் உங்களுக்கு அவர்களைத் தெரியவில்லை.

ஆங்கிலம் பழகத்தான் வேண்டும், வேலைக்கு அது தேவை. நட்புக்கு அது நுழைவுச்சீட்டு இல்லை. வடமாநிலத்து மாணவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் இருவருக்குமே ஆங்கிலம் தடுமாறும், வெட்கம் பாதியாகக் குறையும். சாப்பாட்டு வரிசையில் "வாட் இஸ் திஸ்?" என்று கேட்டவளுக்குக் கூழ் வற்றலை விளக்கிய என் மாணவி ஒருத்திக்கு அந்த வாரம் முழுக்க ஆங்கிலப் பயிற்சி இலவசம்.

"நம்ம ஊர் ஆளுங்க" என்று ஒரு செட்டு கூப்பிடுகிறது. சேரலாமா?

ஊர் செட்டு என்றால் தாராளமாக. பண்டிகைக்கு டிக்கெட் சேர்ந்து எடுக்கலாம், கிளாம்பாக்கத்தில் மூட்டை முடிச்சோடு தனியாக நிற்க வேண்டியதில்லை. ஆனால் "எந்த ஊரு"க்கு அப்புறம் "எந்தத் தெரு", "குலசாமி எது" என்று பேச்சு இறங்கினால் அவர்கள் விசாரிப்பது ஊரை அல்ல. பதில் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. "அதெல்லாம் எனக்குத் தெரியாது" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு நகருங்கள். சாதி கேட்டுச் சேர்த்துக்கொள்ளும் கூட்டம், அதே சாதி பார்த்து இன்னொருவரை ஒதுக்கும், உங்களையும் ஒதுக்கச் சொல்லும். சாதி, மொழி, ஊர் இவற்றை வைத்து ஒரு மாணவரைத் துன்புறுத்துவதும் ஒதுக்கிவைப்பதும் ராகிங்தான் என்று யுஜிசி என்னும் பல்கலைக்கழக மானியக் குழு 2016-ல் விதிமுறையைத் திருத்தியே எழுதியிருக்கிறது.

சீனியர்கள் "இன்ட்ரோ கொடு" என்கிறார்கள். அதிகம் பேசாததால் என்னையே பிடிக்கிறார்கள்.

பெயர், ஊர், படித்த பள்ளி என்று கேட்டு, புத்தகம் தந்து அனுப்பினால் அது அறிமுகம். ஆடச் சொல்வது, பாடச் சொல்வது, பாதி ராத்திரியில் எழுப்புவது, ரெக்கார்டு எழுதித் தரச் சொல்வது எல்லாம் ராகிங். 1996-ல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் கொல்லப்பட்டதை அடுத்து 1997-ல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டுவரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். தேசிய உதவி எண் 1800-180-5522, இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம். "சும்மா ஜாலிக்குப்பா" என்று எங்கள் சக ஆசிரியர்களே சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள்.

எந்த க்ளப்பில் சேர்ந்தால் நல்லது?

கைக்கு வேலை இருக்கிற இடத்தில். பேச்சுப்போட்டிக் குழுவில் சேர்ந்து கூச்சத்தை உடைக்கிறேன் என்று போய், இரண்டாம் கூட்டத்தோடு நின்றவர்கள் நிறையப் பேர். என் ஓட்டு என்.எஸ்.எஸ். என்னும் நாட்டு நலப்பணித் திட்டத்துக்கு. 1969-ல் காந்தி நூற்றாண்டில் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. இரண்டு ஆண்டில் 240 மணி நேரப் பணி, ஒரு கிராமத்தில் ஏழு நாள் முகாம். முகாமை விடவே விடாதீர்கள். பள்ளிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது யாரும் பேசச் சொல்லமாட்டார்கள். இருபது பேருக்கு வெங்காயம் உரிக்கும்போது அழுதுகொண்டே பேசிவிடுவீர்கள். சர்டிஃபிகேட்டுக்காகச் சேர்ந்து முகாமில் ஆட்களோடு திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சிம்போசியம், கல்ச்சுரல்ஸ் வந்தால் மேடைக்குப் பின்னால் போங்கள். ரெஜிஸ்ட்ரேஷன் மேஜை, சாப்பாட்டு டோக்கன், பேனர் கட்டுவது. எல்லாரும் உங்களைத் தேடி வருவார்கள், நீங்கள் யாரையும் தேடிப் போக வேண்டியதில்லை.

க்ளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் நான் எதுவும் போடுவதில்லை. தப்பா?

இல்லை. நூறு பேர் குரூப்பில் நடப்பது பேச்சே இல்லை. நோட்ஸ் கேட்டால் மட்டும் அனுப்புங்கள். உங்கள் கையெழுத்து நன்றாக இருந்தால் பரீட்சைக்கு முந்தின வாரம் நீங்கள்தான் ஹீரோ.

ட்ரீட், அவுட்டிங் என்று கூப்பிடுகிறார்கள். கையில் காசு இல்லை. போகாமல் இருந்தால் விட்டுவிடுவார்களா?

இந்தக் கேள்வியை யாரும் நேராகக் கேட்டதில்லை. "எனக்கு வெளியே சாப்பாடு ஒத்துக்காது மேம்" என்று வரும். காரணம் சொல்லாமல் மூன்று முறை மறுத்தால் நான்காம் முறை கூப்பிடமாட்டார்கள், அவர்கள் மேலும் தப்பில்லை. கடினம்தான், ஆனாலும் ஒரே ஒருவரிடமாவது உண்மையைச் சொல்லிவிடுங்கள்: "இந்த மாசம் டைட்டு, பீச்சுன்னா வர்றேன்." பெசன்ட் நகர் கடற்கரைக்கு டிக்கெட் கிடையாது, சுண்டல் ஒரு பொட்டலம் இரண்டு பேருக்குப் போதும். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கும் காசில்லை. பேசவும் கூடாது என்பதால் நமக்கு இரட்டை வசதி! காசில்லை என்பதைக் கேட்டும் ஒருவர் கேலி செய்தால், அவருக்காக நீங்கள் செலவழிக்கவிருந்த காசு மிச்சம்.

பிறந்தநாள் கேக்குக்குப் பங்கு கேட்பது தனிக் கொடுமை. எங்கள் விங்கில் ஆளுக்குப் பத்து ரூபாய், அதற்கு மேல் கிடையாது என்று ஒருத்தி சட்டம் போட்டாள். மற்ற எல்லாருமே நிம்மதியாக மூச்சுவிட்டார்கள்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஊருக்குப் போய்விடுகிறேன். அதனாலா?

பெரும்பாலும் அதனால்தான். மேலே சொன்ன சும்மா இருக்கும் நேரமெல்லாம் சனி, ஞாயிறில்தான் இருக்கிறது. நான்கு வாரத்தில் இரண்டு வாரமாவது ஹாஸ்டலில் இருங்கள். அம்மாவிடம் "ரெக்கார்டு ஒர்க்" என்று சொல்லலாம், ஓரளவு உண்மைதான். திரும்பி வரும்போது முறுக்கு டப்பாவை அலமாரியில் பூட்டாமல் மேஜையில் வையுங்கள். அறைக் கதவையும் திறந்தே வையுங்கள்.

நான் டே ஸ்காலர்.

உங்களுக்குக் காலேஜ் பஸ்ஸோ ரயிலோதான் ஹாஸ்டல். தாம்பரத்திலிருந்து வருகிற மின்ரயிலில் அதே வண்டி, அதே பெட்டி, இயர்போன் ஒரு காதில் மட்டும்.

நான் அமைதியான ஆளா, இல்லை எனக்கு வேறு ஏதோ பிரச்சினையா? எப்படித் தெரிந்துகொள்வது?

தனியாக இருந்துவிட்டு வந்தால் தெம்பாக இருக்கிறதா? அப்படியானால் அது உங்கள் சுபாவம், மாற்ற ஒன்றுமில்லை. தனியாக இருந்தாலும் பாரமாக இருக்கிறது, இரண்டு வாரமாகத் தூக்கமோ சாப்பாடோ சரியில்லை, முன்பு பிடித்தது எதுவும் பிடிக்கவில்லை, வகுப்புக்கு எழுந்து போக முடியவில்லை என்றால் அது கூச்சம் அல்ல. கல்லூரிக் கவுன்சிலரைப் பாருங்கள். அங்கே போகத் தயக்கமாக இருந்தால் 14416. மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் சேவை, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும். செத்துப்போகலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே கூப்பிடுங்கள். அதே கையோடு பக்கத்து அறையைத் தட்டுங்கள், காப்பாளர் அறையையும் தட்டலாம். நடுராத்திரியில் எழுப்பியதற்காக நான் இதுவரை யாரையும் திட்டியதில்லை.

அறைக் கதவைத் திறந்தே வைக்கச் சொல்கிறீர்கள். கொசு வருமே மேம்?

வரும். நாங்கள் மூன்று பேரும் கொசுவத்திக்கு முறை வைத்திருந்தோம். என் முறை செவ்வாயும் வெள்ளியும். தீப்பெட்டி மட்டும் எப்போதும் எதிர் அறையிலிருந்துதான்.